தெரிந்த சொல்லில்தான் தடக்கி விழுகிறோம்



இப்படியான பக்கங்களில் வழக்கமாகப் படித்தவர்கள்தான் எழுதுவார்கள். இம்முறை நாங்கள் எழுதுகிறோம். நாங்கள் என்றால், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில், பின்னேர ஷிப்ற்றில் பெட்டி அடுக்கிப் பொதி கட்டும் எம்மவர்கள். எங்களில் அனேகமானோர் ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்த படிப்பு. ஆங்கிலப் பாடத்துக்கு வாத்தியார் இருந்த வருடத்தை விட இல்லாத வருடம்தான் கூட. எழுதுகிற கை ஒன்று. ஆனால் இதில் வருகிற பிழைகள் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து விட்டவை.

"ஆங்கிலம் தெரியாததால் கஷ்டப்பட்டோம்" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத சொல் ஒன்றைக் கேட்டால் நாங்கள் முழிப்போம். சொன்னவர் கையைக் காட்டி விளங்கப்படுத்துவார். விசயம் அதோடு முடிந்துவிடும். எங்களுக்கு வினை வந்ததெல்லாம் தெரிந்த சொற்களால்தான். லீவு, டவுட், இனிஷியல், எக்ஸ்பயர், ஓஃப் என்று ஊரிலேயே வாயில் பழகிய ஆங்கிலச் சொற்கள் எத்தனை! அவை எங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் மாதிரி. அவற்றைச் சொல்லும்போது எங்களுக்கு ஐமிச்சமே வருவதில்லை. கேட்கிறவருக்கும் வருவதில்லை, ஏனென்றால் அவை அவருக்கும் தெரிந்த சொற்கள். அவர் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு போகிறார், நாங்கள் வேறொரு கருத்தைச் சொல்லிவிட்டு வருகிறோம். இரண்டு பேரும் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிரிகிறோம்.

லீவு கேட்டவருக்கு வேலை போனது

எங்களோடு லைனில் நின்ற ஒரு அண்ணையின் கதையோடு தொடங்குகிறோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

2019 ஆம் ஆண்டு அவருடைய அம்மா வவுனியாவில் காலமானார். அகதிக் கோரிக்கை முடியாமல் இருந்தபடியால் அண்ணையால் போக முடியவில்லை. கொள்ளி வைக்கவும் இல்லை, எட்டுச் செலவுக்கு நிற்கவும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையாவது இங்கே முறையாகச் செய்வோம் என்று மூன்று நாள் லீவு கேட்க நினைத்தார். சுப்பவைசரிடம் வாயால் கேட்கக் கூச்சம். அழுதுவிடுவேனோ என்ற பயமும் இருந்ததாம். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதுவது போல ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

"சேர், மை மதர் எக்ஸ்பயர்ட். ஐ லீவ் ஃப்ரொம் மண்டே. தாங்கிங் யூ."

சுப்பவைசர் துண்டை வாசித்தார், தலையாட்டினார், கையும் கொடுத்தார். அண்ணைக்குச் சந்தோசம். திங்கள், செவ்வாய், புதன் காரியங்களை முடித்துக்கொண்டு வியாழக்கிழமை வேலைக்கு வந்தார். அவருடைய இடத்தில் ஏஜென்சியால் வந்த ஒரு பொடியன் நின்றான். அண்ணை தானாகவே விலகிவிட்டார் என்று ஒஃபிஸ் கணக்கை முடித்திருந்தது.

என்ன நடந்தது என்று பாருங்கள். எங்களுக்கு லீவு என்றால் விடுமுறை. ஆங்கிலத்தில் "லீவ்" பெயர்ச்சொல்லாக வந்தால்தான் அந்தக் கருத்து. "ஐ லீவ்" என்று வினைச்சொல்லாக வந்தால் "நான் விட்டுப் போகிறேன்" என்றாகிவிடும். திங்கட்கிழமையில் இருந்து போகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். எப்போது திரும்பி வருவேன் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அம்மாவின் சாவாவது விளங்கியிருக்கும் என்றால் அதுவும் அரைகுறைதான். "எக்ஸ்பயர்" என்பதற்கு இறத்தல் என்ற கருத்து அகராதியில் உண்டு. ஆனால் இங்கே வேலைத்தளப் பேச்சில் பால் பெட்டிக்கும் மருந்துக்கும் வேர்க் பெர்மிற்றுக்கும்தான் அந்தச் சொல்லைக் கேட்கிறோம். மனிதருக்கு "டைட்" அல்லது "பாஸ்ட் அவே" என்பார்கள்.

அடுத்த அடி வேலையில்லாதோர் காப்புறுதியில் விழுந்தது. வேலை முடிந்ததும் கொம்பனி அரசாங்கத்துக்கு ஒரு வேலைப் பதிவுப் பத்திரம் அனுப்ப வேண்டும். அதில் ஏன் முடிந்தது என்பதற்கு ஒரு எழுத்து இருக்கும். வேலை குறைவு என்றால் ஏ, நோய் அல்லது காயம் என்றால் டி, தானாக விலகினால் ஈ, கொம்பனி விலக்கினால் எம். அண்ணைக்கு ஈ போட்டிருந்தார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு அந்தக் காப்புறுதிப் பணம் இல்லை என்பது 1993 இல் இருந்து நடைமுறை. அவருக்கும் இல்லை என்று கடிதம் வந்தது. பேஸ்மென்ற் வாடகையைக் கைமாற்றாக வாங்கிக் கட்டினார்.

பிறகு ஒருவர் சொல்லி, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனார். தீர்மானம் அறிவிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் மீளாய்வு கேட்கலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அந்தத் துண்டின் பிரதி, இறப்புச் சான்றிதழ், கிரியை செய்ததற்கான கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியபின் பணம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை.

ஒன்ராறியோவில் தாய் தகப்பன் போன்ற நெருங்கிய உறவு இறந்தால் வருடத்துக்கு 2 நாள் துக்க விடுப்பும், சொந்தச் சுகவீனத்துக்கு 3 நாள் விடுப்பும் எடுக்க 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சம்பளம் இல்லைத்தான், ஆனால் எடுத்ததற்காக வேலையால் நிற்பாட்ட முடியாது. தொடர்ந்து இரண்டு கிழமை வேலை செய்திருந்தால் போதும். அண்ணை கேட்ட மூன்று நாளில் இரண்டு நாள் அவருக்கு உரியது. கேட்ட சொல்தான் பிழைத்தது.

இப்போது நாங்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம்: "மை மதர் டைட். ஐ நீட் திரீ டேய்ஸ் ஓஃப். மண்டே, ரியூஸ்டே, வெட்னஸ்டே. ஐ வில் பீ பாக் ஒன் தேர்ஸ்டே." இதில் கடைசி வரிதான் முக்கியம். திரும்பி வரும் நாளை எழுதினால் நீங்கள் விலகுகிறீர்கள் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். கொடுக்கும் முன் துண்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. "வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்று நாங்கள் தமிழில் பொதுவாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வேலை இல்லாமல் நிற்பாட்டினால் "லெய்ட் ஓஃப்". ஆளில் குறை கண்டு நிற்பாட்டினால் "ஃபயர்ட்". எங்களில் ஒருவர் ஓடர் குறைந்து நிற்பாட்டப்பட்டவர், ஒரு நேர்முகத்தில் "ஐ ஆம் ஃபயர்ட்" என்று சொல்லிவிட்டார். கேட்டவருடைய முகம் அப்படியே மாறிப்போனதாம். தன் வாயாலேயே தனக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார்.

ஓமும் யெஸ்சும் ஒன்றல்ல

நாங்கள் முதல் முதல் படித்த ஆங்கிலச் சொல் "யெஸ்"சாகத்தான் இருக்கும். அதுதான் எங்களில் ஒருவருடைய கையை எடுக்கப் பார்த்தது.

மெசின் இறுகினால் உள்ளே கை வைக்க முன் மின்சாரத்தை வெட்டி, ஆளியில் எங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைப் பொக்கற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு "லொக் அவுட்" என்று பெயர். ஒருநாள் லைன் இறுகி நின்றது. எங்கள் ஆள் பூட்டு எடுக்கப் போக வெளிக்கிட்டவர். அப்போது போமன் கேட்டார்: "யூ டிடின்ற் லொக் இற் அவுட்?"

எங்கள் ஆள் சொன்னார்: "யெஸ்."

தமிழில் யோசித்துப் பாருங்கள். "நீ பூட்டேல்லையோ?" என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வோம்? "ஓம், பூட்டேல்லை." கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு நாங்கள் ஓம் போடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேள்வி எப்படி வந்தாலும், செய்திருந்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ. போமனுக்கு "யெஸ், பூட்டிவிட்டேன்" என்றுதான் விளங்கியது. அவர் குனிந்து உள்ளே கை வைக்கப் போனார். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஆளியில் பூட்டு இல்லாததைக் கண்டு கத்தியதால் அன்று கை தப்பியது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். இல்லை என்ற பொருள் வரும் கேள்விக்குத் தனி யெஸ்சோ தனி நோவோ சொல்வதில்லை. முழுதாகச் சொல்வோம். "நோ, ஐ டிட் நொற் லொக் இற்." அல்லது "யெஸ், ஐ லொக்ட் இற்." இரண்டு சொல் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

இதே குடும்பத்தில் "டூ யூ மைன்ட்" என்று ஒரு கேள்வி இருக்கிறது. "டூ யூ மைன்ட் ஸ்ரேயிங் லேற்?" என்றால் "பிந்தி நிற்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கருத்து. ஆசையாக "யெஸ்" என்று சொன்னால் "ஓம், ஆட்சேபணை உண்டு" என்றாகிவிடும். ஒன்ராறியோவில் பொதுவாகக் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். எங்களில் இரண்டு பேர் அந்த ஓவர்ரைமை "யெஸ்" சொல்லியே இழந்தவர்கள். நிற்க விருப்பம் என்றால் "ஐ கான் ஸ்ரே" என்று சொல்லுங்கள். அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.

பீப்பாவில் இருந்த இரண்டு சொற்கள்

கனடாவில் ஆபத்தான இரசாயனப் பொருட்களின் லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் இருக்க வேண்டும். துப்பரவாக்கும் திரவம் இருந்த ஒரு பீப்பாவில் ஒரு பக்கம் "ஃபிளேமபிள்" என்றும் மறுபக்கம் "இன்ஃபிளேமபிள்" என்பது போலவும் எழுதியிருந்தது. எங்கள் ஆள் இரண்டையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவு வந்தது. "கரெக்ற்" என்றால் சரி, "இன்கரெக்ற்" என்றால் பிழை. "கொம்பிளீற்" என்றால் முழுமை, "இன்கொம்பிளீற்" என்றால் குறை. அப்படியென்றால் ஃபிளேமபிள் எரியும், இன்ஃபிளேமபிள் எரியாது. முன்னுக்கு "இன்" போட்ட பக்கம்தான் அவர் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. பொதிக்குப் பிளாஸ்ரிக் சுருக்கும் சூட்டு மெசினுக்குப் பக்கத்தில், கைக்கு வசதி என்று, அதில் ஒரு கலனை நிரப்பி வைத்தார்.

நல்ல காலம், கண்டவர்கள் கெதியாக எடுத்துவிட்டார்கள்.

இரண்டு சொல்லுக்கும் கருத்து ஒன்றுதான்: தீப்பற்றும். "இன்ஃபிளேமபிள்" ஆங்கிலத்திலும் பழைய சொல். அதில் உள்ள "இன்" இல்லை என்ற கருத்தில் வந்ததல்ல, தீ மூட்டுதல் என்ற சொல்லோடு கூடப் பிறந்தது. ஆங்கிலக்காரருக்கும் குழப்பம் வரும் என்றுதான் இப்போது ஆங்கில லேபல்களில் "ஃபிளேமபிள்" என்று மட்டும் போடுகிறார்கள். பிரெஞ்சில் இன்னும் "இன்" உடன்தான் எழுதுகிறார்கள். எரியாது என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் "நொன் ஃபிளேமபிள்" என்று இருக்கும்.

ஆகவே லேபலில் சொல்லை நம்புவதற்கு முன் படத்தைப் பாருங்கள். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் நெருப்புப் படம் இருந்தால் எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும் அது தீப்பற்றும் பொருள். "டேஞ்சர்" என்ற சொல் "வோர்ணிங்" என்ற சொல்லை விடக் கடுமையானது. வேலைத்தள இரசாயனங்களைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு 1988 இல் இருந்து கனடாவில் இருக்கிறது. விளங்காவிட்டால் கேட்பது உங்கள் உரிமை. ஒரு வேலை ஆபத்து என்று நியாயமாக நம்பினால் அதைச் செய்ய மறுக்கவும் ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டம் 1979 இல் நடைமுறைக்கு வந்தது. மறுக்கும்போது சுப்பவைசரிடம் சொல்ல வேண்டிய வசனம்: "திஸ் இஸ் நொற் சேஃப். ஐ ஆம் ரிஃபியூசிங் திஸ் வேர்க்." வெறுமனே "ஐ கான்ற்" என்று சொன்னால் உங்களுக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்கள்.

சிரித்ததும் சிறுத்ததும்

எல்லாப் பிழையும் கையைக் காலை எடுப்பதில்லை. சிலது எங்களைச் சிரிக்க வைத்தது. சிலது முகத்தைச் சிறுக்க வைத்தது.

கொப்பி: ஒஃபிஸ் பெண் ஒரு கடதாசியை நீட்டி "கொப்பி பிளீஸ்" என்றார். எங்கள் தம்பி கடதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு, சாப்பாட்டு அறைக்கு ஓடிப்போய்ப் பாலும் சீனியும் போட்ட கோப்பி கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பிரதி எடுக்கும் மெசினைக் காட்டினாராம். இதில் ஒருவருக்கும் நட்டமில்லை.

டவுட்: எங்களுக்கு இது சந்தேகம் கேட்பது. "ஐ ஹாவ் எ டவுட்" என்று தரம் பார்க்கும் பெண்ணிடம் போனோம். தான் எண்ணிய கணக்கை நாங்கள் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டு, திரும்ப எண்ணத் தொடங்கிவிட்டார். இங்கே டவுட் என்றால் நம்பாமை. கேள்வி இருந்தால் "ஐ ஹாவ் எ குவெஸ்ச்சன்" என்று கேட்க வேண்டும்.

ஓஃப்: "புட் ஓஃப் த மெசின்" என்று ஊரில் சொல்வோம். இங்கே "புட் ஓஃப்" என்றால் ஒத்திப்போடுவது. மெசினை நிற்பாட்ட "ரேர்ன் ஓஃப்". அவசரத்தில் "ஸ்ரொப்" என்று கத்தினாலே போதும், அது எல்லா மொழிக்காரருக்கும் விளங்கும்.

ஹார்ட்லி: ஏஜென்சி நேர்முகத்தில் எங்களில் மூன்று பேராவது "ஐ வேர்க் ஹார்ட்லி" என்று சொல்லியிருக்கிறோம். கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்தோம். அதற்கு "வேலை செய்வதே அருமை" என்றுதான் கருத்து. "லி" இல்லாமல் "ஐ வேர்க் ஹார்ட்" என்று நிற்பாட்டுங்கள்.

லென்ட், போறோ: தமிழில் கடன் ஒரு சொல், கொடுப்பதும் வாங்குவதும் பின்னால் வரும். ஆங்கிலத்தில் கொடுப்பது "லென்ட்", வாங்குவது "போறோ". "கான் ஐ லென்ட் யுவர் நைஃப்?" என்று கேட்டால் எதிரே நிற்பவருக்குத் தலை சுற்றும். "கான் ஐ போறோ?" என்று கேளுங்கள்.

இனிஷியல்: எங்களுக்கு இனிஷியல் என்றால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து. இங்கே படிவத்தில் "இனிஷியல் ஹியர்" என்று இருந்தால் உங்கள் பெயரினதும் குடும்பப் பெயரினதும் முதல் எழுத்துக்கள் இரண்டையும் சின்னக் கையெழுத்தாக வைக்க வேண்டும். எந்த வரிக்குப் பக்கத்தில் வைக்கிறீர்களோ அந்த வரியை வாசித்து ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம். எனவே வாசிக்காமல் வைக்காதீர்கள்.

காயப் படிவத்தில் ஒரு வருடம்

மிகவும் கவனமாக எழுத வேண்டிய இடம் வேலையில் காயப்பட்டபின் நிரப்பும் படிவம். எங்களோடு நின்ற ஒரு அக்காவுக்கு 2022 ஆம் ஆண்டு பாரமான பெட்டி தூக்கும்போது நாரிப் பிடிப்பு வந்தது. அவர் 2018 இல் இருந்து அதே லைனில் வேலை. படிவத்தில் எழுதினார்: "ஐ ஆம் லிஃப்ரிங் பொக்ஸ், பாக் பெயின், ஃப்ரொம் 2018."

2018 இல் இருந்து பெட்டி தூக்குகிறேன் என்று அவர் சொல்ல வந்தார். வாசித்தவர்களுக்கு 2018 இல் இருந்தே நாரி நோ என்று விளங்கியது. பழைய நோவென்றால் அன்றைய காயத்துக்கு ஏன் பணம் என்ற கேள்வி வந்துவிட்டது. மருத்துவரின் கடிதம், திருத்தி எழுதிய கடிதம் என்று இழுபட்டது. அத்தனை கிழமையும் சம்பளம் இல்லை.

அந்தப் படிவத்தைப் பற்றி நாங்கள் அனுபவத்தில் படித்தவை இவை. ஒரு வசனத்தில் ஒரு விசயம் மட்டும். என்ன திகதி, எத்தனை மணி, எந்த இடம், உடம்பின் எந்தப் பாகம், இடதா வலதா, என்ன செய்துகொண்டிருந்தபோது, யார் கண்டது. முன்பு நோ இருக்கவில்லை என்பது உண்மையானால் "ஐ ஹாட் நோ பெயின் பிஃபோர் திஸ் டே" என்று தனி வரியில் எழுதுங்கள். எவ்வளவு காலமாக வேலை என்பதை வேறொரு வசனத்தில் வையுங்கள். ஆண்டைச் சொன்னால் "சின்ஸ் 2018", காலத்தின் நீளத்தைச் சொன்னால் "ஃபோர் ஃபோர் இயர்ஸ்". "ஃப்ரொம்" இந்த இடத்தில் வேண்டாம்.

இன்னொன்று எங்கள் பண்பால் வருவது. காயப்பட்டாலும் "சொறி, மை மிஸ்ரேக்" என்று எழுதிவிடுகிறோம். ஒன்ராறியோவில் வேலைக்காய நட்டஈட்டுச் சட்டம் 1914 இல் வந்தபோதே, யாருடைய பிழை என்று பார்க்காமல் கொடுப்பது என்றுதான் வைத்தார்கள். மன்னிப்புக் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நடந்ததை எழுதினால் போதும். கோரிக்கையை 6 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கொம்பனியும் தனக்குத் தெரியவந்து 3 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "பாப்பம், மாறிவிடும்" என்று பொறுத்திருக்காதீர்கள்.

நாங்கள் இப்போது செய்வது

நாங்கள் இன்னும் ஆங்கிலம் படித்து முடிக்கவில்லை. ஆனால் சில பழக்கங்கள் எங்களைக் காப்பாற்றுகின்றன.

முதலாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. "சோ, யூ வோன்ற் மீ ரு ரேர்ன் ஓஃப் நம்பர் ரூ, ரைற்?" என்று கேட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை. விளங்காமல் தலையாட்டினால்தான் பிறகு கோபிக்கிறார்கள். எங்கள் தலையாட்டலும் இங்கே பலருக்கு ஓமா இல்லையா என்று பிடிபடுவதில்லை.

இரண்டாவது, முக்கியமானதை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதியும் கொடுப்பது. எழுதியதைக் கொடுக்க முன் ஒருவருக்குக் காட்டுவது. அந்த ஒருவர் உங்கள் பிள்ளையாக இருப்பதைக் கூடிய வரை தவிருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் எங்களை விட நல்லாகத் தெரியும்தான். ஆனால் காப்புறுதிக் கடிதத்தை வாசித்து "அப்பாக்குக் காசு இல்லையாம்" என்று சொல்லவேண்டிய பாரத்தை அதன் தலையில் ஏற்றக்கூடாது. எங்கள் அண்ணையின் கடிதத்தை வாசித்துச் சொன்னது அவருடைய மகள். அன்று இரவு பிள்ளை சாப்பிடவில்லை. வேலை போனதை விட அதுதான் தனக்கு வலித்தது என்று அண்ணை சொன்னார். இப்படியான கடிதங்களைச் சட்ட உதவி நிலையத்துக்கோ புதியவர்களுக்கு உதவும் நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, வகுப்பு. புதிதாக வந்தவர்களுக்கான மத்திய அரசின் மொழி வகுப்புத் திட்டம் 1992 இல் தொடங்கியது. அகதியாக ஏற்கப்பட்டவர்களும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் அதில் சேரலாம். கோரிக்கை இன்னும் விசாரணையில் உள்ளவர்களுக்கு, பள்ளிக்கூடச் சபைகள் ஊடாக ஒன்ராறியோ மாகாணம் நடத்தும் வளர்ந்தோர் வகுப்புகள் இருக்கின்றன. பின்னேர ஷிப்ற் நிற்பவர் காலை வகுப்புக்குப் போகலாம். நித்திரை குறையும், அது உண்மை. எங்களில் நாலு பேர் போகிறோம்.

நாலாவது, ஒரு கொப்பி. கோப்பி அல்ல, கொப்பி. சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறோம். யாருக்காவது ஒரு சொல் பிழைத்தால் அன்றைக்கே அதில் எழுத வேண்டும். என்ன சொன்னேன், என்ன விளங்கிக்கொண்டார்கள், என்ன சொல்லியிருக்க வேண்டும். சிரிக்கலாம், பகிடி பண்ணலாம், ஆனால் மறைக்கக் கூடாது. லைனுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் கையுறையோடு சேர்த்து அந்தக் கொப்பியையும் கொடுக்கிறோம். முதல் பக்கத்தில் இருப்பது அந்த அண்ணையின் லீவுத் துண்டு. வேறு வேலைக்குப் போக முன், தன் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அதற்குக் கீழே திரும்பி வரும் நாளோடு சரியான வசனத்தையும் எழுதியிருக்கிறார்.

உங்கள் வேலைத்தளத்திலும் இப்படி நடந்திருக்கும். ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம், கொம்பனியின் பெயரும் வேண்டாம். சொல்லும் அதனால் நடந்ததும் இருந்தால் போதும். எங்கள் கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

பின்னேர ஷிப்ற் நண்பர்கள்